பெட்டியில் இல்லாத வார்த்தைகள்

அத்தியாயம் 14

போன வாரம் வெளிநாட்டு மாமா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கூடத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாரே, அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. உள்ளே ஜப்பானிய மொழி கற்றுக்கொள்ள நான்கு புத்தகங்கள், பாடங்களைப் பேசிக் காட்டும் கையடக்கக் கருவி ஒன்று, காதில் மாட்டிக்கொள்ள ஒயர். "பிரிச்சுப் பாருங்க, படிச்சுப் பாருங்க, பிடிச்சாத்தான் வாங்கணும். நான் என்ன வேத்து மனுஷனா?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்று சாயங்காலம் பதில் கேட்க வருகிறார்.

பதில் என்றால் புத்தகத்துக்கு மட்டும் பதில் இல்லை. அங்கேதான் இடிக்கிறது. பெட்டியை வாங்குகிற பெண்ணுக்குத்தான் ஜப்பானில் முதியோர் இல்லத்து வேலை. வாங்கிய கையோடு வண்டி ஏறிப் பயிற்சி வீட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து நேரே விமானம். ஆக, பெட்டிக்குச் சரியென்று சொன்னால் வீட்டின் கடைக்குட்டிக்கு இன்றைக்கு இந்த வீட்டில் படுக்கை கிடையாது.

கடைக்குட்டியின் பெயர் வாலு. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், மருத்துவமனை உதவியாளர் பயிற்சியிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஏன் அந்தப் பெயர் என்று இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, புதிதாக வந்தவர்கள் இன்னும் நாலு வரியில் தெரிந்துகொள்வார்கள்.

"அக்கா! கேளு, கேளு. எதை வேணா தமிழ்ல சொல்லு, ஜப்பான்ல சொல்றேன்." வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்து நின்றாள்.

பெரியவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முதல் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். "'சரி'."

"ஹாய்."

"'புரிஞ்சுது'."

"வகரிமாஷ்தா."

"'மன்னிச்சிடுங்க'."

"சுமிமாசென். அட, வேற கேளுக்கா. இதெல்லாம் தண்ணி பட்ட பாடு."

பெரியவள் பக்கத்தைத் தள்ளித் தள்ளிக் கேட்டாள். ஒன்று விடாமல் பதில் வந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் வாலுவின் தலை தானாகக் குனிந்து நிமிர்ந்தது. யாருக்கும் தலை குனியாத பெண் அது. சிரித்திருக்க வேண்டும் பெரியவள், என்னவோ சிரிப்பு வரவில்லை.

"பாரேன்!" அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "பள்ளிக்கூடத்துல ஒரு செய்யுளை உருப்படியா ஒப்பிச்சதில்ல இவ. ஒரே வாரத்துல எப்படிப் பேசறா! புத்தகம்னா இது புத்தகம்."

"அம்மா, இன்னிக்கு இதைப் புத்தகக் கடைக்கு எடுத்துட்டுப் போறேன். வேற புத்தகங்களோட ஒப்பிட்டுப் பார்த்துட்டுத் தரேன்."

"ஆரம்பிச்சிட்டியா? ஒரு செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குவ. மாமா கொண்டு வந்ததுல என்னடி பார்க்கணும்? உங்க அப்பா போன அன்னிக்கு முதல்ல வந்து நின்னது யாரு?"

"பார்த்துட்டு வாங்கிக்கோன்னு அவரேதானேம்மா சொன்னாரு."

பெரியவள் பெட்டியோடு தூக்கித் தன் தோள்பையில் போட்டுக்கொண்டாள். மனசுக்குள் என்ன உறுத்துகிறது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளை இல்லாமல் போனதிலிருந்து அவளுக்கு இந்த வாலுவைப் பற்றி எதற்கெடுத்தாலும் பயம்தான். தெருவைக் கடந்தால் பயம், தும்மினால் பயம். ஆகவே இதுவும் வழக்கமான பயம்தான் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு கிளம்பினாள்.

*

பெரியவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைச் சோதித்து எந்த லென்ஸ் என்று எழுதிக் கொடுப்பவள் அவள்தான். சோதனை அறை எப்போதும் இருட்டாக இருக்கும், எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் எரியும். வருகிறவரை உட்கார வைத்து, கண்ணெதிரே ஒரு லென்ஸைப் போட்டு, அப்புறம் இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பாள். ஒரே நேரத்தில் மூன்றைக் காட்ட மாட்டாள். மூன்றைக் காட்டினால் மனுஷனுக்குக் குழம்பிவிடும். தோற்றதை ஒதுக்கிவிட்டு ஜெயித்ததோடு அடுத்ததை மோதவிட வேண்டும். கத்தரிக்கோல் வாங்கினாலும் கைப்பை வாங்கினாலும் அவளுக்கு இதே பழக்கம்தான், வீட்டில் கேலி செய்வார்கள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் தெருக்கோடியில் இருந்த மொழிப் புத்தகக் கடைக்குப் போனாள். ஜப்பானிய மொழிக்கென்று ஒரு தட்டு முழுக்க இருந்தது. கடைக்காரர் கனத்த உடம்பு, கனத்த குரல்.

"என்னம்மா வேணும்?"

"பார்த்துட்டு வாங்கலாமா?"

"தாராளமா. ஆனா பார்க்கறேன்னு நின்னுக்கிட்டே முழுசாப் படிச்சு முடிச்சுட்டுப் போறவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லிடறேன்."

பெரியவள் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் மாமாவின் பெட்டியை வைத்து, கடைப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதலில் படம் போட்ட புத்தகம். பூனை, நாற்காலி, குடை என்று அழகழகாக இருந்தது. படங்களை உள்ளங்கையால் மறைத்துவிட்டுப் பார்த்தாள், ஒரு வார்த்தையும் நினைவில் நிற்கவில்லை. படத்தைப் பார்த்து ஊகிக்கிறோமே தவிர மொழியைப் படிக்கவில்லை. அது போச்சு. அடுத்தது எழுத்துப் பயிற்சிப் புத்தகம். நூறு பக்கம் தாண்டியும் ஒரு வாக்கியம் பேச முடியாது. அதுவும் போச்சு. அடுத்தது சுற்றுலாக்காரர்களுக்கானது. ஓட்டல் அறை, புகைப்படம், பரிசுப் பொருள். வாலு சுற்றுலாவா போகிறாள்?

"பழக்கடையில தட்டித் தட்டிப் பார்க்கிற மாதிரி பார்க்கறீங்களே!" என்றார் கடைக்காரர். "எங்கிட்ட வர்றவங்க அட்டையைப் பார்ப்பாங்க, விலையைப் பார்ப்பாங்க, முடிஞ்சுது."

நீல அட்டை போட்ட ஒன்று கடைசிவரை தாக்குப்பிடித்தது. பொடி எழுத்து, மட்டமான தாள், பார்க்கவே அழுகை வரும். ஆனால் உள்ளே சரக்கு இருந்தது. இப்போது நீல அட்டைக்கும் மாமாவின் பெட்டிக்கும் போட்டி. பெட்டிப் புத்தகம் எல்லாவற்றிலும் முன்னே நின்றது. பெரிய எழுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே தமிழ் அர்த்தம், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் சின்னச் சின்னப் பாடங்கள். ஒரே வாரத்தில் ஒரு வாலுவைப் பேச வைத்ததே, இதைவிட என்ன வேண்டும்? 'நல்லாத்தான் இருக்கு, நான்தான் தொட்டதுக்கெல்லாம் பயப்படறேன்' என்று நினைத்தாள். எடுத்துக் கட்டி வைக்கப் போனாள்.

அப்போதுதான் வாலுவின் இழுப்பு ஞாபகம் வந்தது. பனிக்காலம் வந்தால் அந்தப் பெண்ணுக்கு மூச்சு இழுக்கும். ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வாள். அங்கே போய் அப்படி வந்தால் யாரிடம் என்னவென்று சொல்வாள்?

நீல அட்டையில் தேடினாள். 'மூச்சு விட முடியவில்லை' இருந்தது. மருத்துவர், மருந்து, காய்ச்சல், எங்கே வலிக்கிறது, எல்லாம் ஒரே பாடத்தில் இருந்தது. பெட்டியின் முதல் புத்தகத்தில் தேடினாள், இல்லை. ஆரம்பப் பாடம்தானே என்று இரண்டாவதில் தேடினாள். மூன்றாவதில் தேடினாள். நான்காவதைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டே வந்தாள். மருத்துவர் இல்லை. மருந்து இல்லை. 'வலிக்கிறது' என்ற வார்த்தையே நான்கு புத்தகத்திலும் இல்லை.

சரி, விட்டுப்போயிருக்கும். பேருந்து எங்கே நிற்கும்? இல்லை. கடை, தெரு, ரயில் நிலையம்? இல்லை. நான்கு புத்தகத்தில் யாரும் வாசற்படி தாண்டவில்லை. கிழமைகள் இல்லை, விடுமுறை இல்லை. 'எங்கே' இல்லை, 'ஏன்' இல்லை, 'எப்போது' இல்லை. படிக்கிற பெண் யாரையும் எதையும் கேட்பதற்கு ஒரு கேள்விகூடக் கற்றுத்தரவில்லை. 'வேண்டாம்' இல்லை. 'முடியாது' இல்லை. 'காப்பாற்றுங்கள்' இல்லை.

வேறு என்னதான் இருக்கிறது என்று இப்போது வரிவரியாகப் படித்தாள். தூக்கு. இறக்கு. அங்கே வை. சீக்கிரம். மறுபடி செய். பேசாதே. கதவை மூடு. இங்கேயே இரு. ஒவ்வொன்றுக்கும் கீழே பதில்: சரி. புரிந்தது. மன்னித்துவிடுங்கள். இப்போதே செய்கிறேன்.

முதியோர் இல்லத்து வேலைக்கான புத்தகம். அதில் ஒரு முதியவர்கூட இல்லை. ஒரு கிழவருக்குக் கஞ்சி கொடுக்கவில்லை, ஒரு கிழவியைத் திருப்பிப் படுக்க வைக்கவில்லை, ஒரு படுக்கை விரிப்பை மாற்றவில்லை.

"என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு?" கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பெட்டிப் புத்தகத்தை வாங்கித் திருப்பினார். "யார் போட்ட புத்தகம் இது? பேரையே காணோமே. எங்க வாங்குனீங்க?"

"வாங்கல. வாங்கப் போறோம்."

அவர் புத்தகத்தை மேசைமேல் வைத்து அவள் பக்கமாகத் தள்ளினார்.

*

கண்ணாடிக் கடைக்குத் திரும்பி வந்தாள். சோதனை அறையில் ஆள் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்து ஒயரைக் காதில் மாட்டினாள். வாலு முதல் சில பாடங்களைத்தான் கேட்டிருப்பாள். இவள் முதல் பாடத்தைக் கொஞ்சம் கேட்டுவிட்டு நேரே கடைசிப் பாடத்தைப் போட்டாள்.

ஒரு ஆண் குரல் கட்டளையிட்டது. ஒரு பெண் குரல் பதில் சொன்னது. ஹாய். வகரிமாஷ்தா. சுமிமாசென். வாலு வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. முதல் பாடத்தில் கணீரென்று இருந்த குரல் கடைசிப் பாடத்தில் கரகரவென்று தேய்ந்திருந்தது. ஓரிடத்தில் அவள் தடுமாறினாள். ஒரு விநாடி அமைதி. அப்புறம் அதே ஆண் குரல், இந்தத் தடவை சுத்தமான தமிழில், "மறுபடி" என்றது.

அவள் மறுபடி சொன்னாள்.

"மறுபடி."

மறுபடி சொன்னாள். பதிவு அங்கே நின்றது. பெரியவள் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். முதலாளியிடம் தலைவலி என்றாள். அவர் சரியென்று தலையாட்டுவதற்குள் தெருவில் இருந்தாள்.

*

வீட்டு வாசலில் வெள்ளை வண்டி நின்றது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே மாமா வந்துவிட்டார். கூடத்தில் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. வெளிநாட்டு மாமா என்று பெயரே தவிர அவர் எந்த நாட்டுக்குப் போய்வந்தார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. வாலுவின் பை கட்டித் தயாராகச் சுவரோரம் இருந்தது.

"வாம்மா வா. உனக்காகத்தான் காத்துட்டிருக்கோம். பெட்டியை நீ தூக்கிட்டுப் போயிட்டியாமே! பரீட்சை வெச்சியா? பாஸா, ஃபெயிலா?"

"மாமா, இதுல ஒரு டாக்டர்கூட இல்லியே."

"என்னது?"

"நாலு புத்தகத்துலயும் டாக்டர் இல்ல, மருந்து இல்ல. உடம்பு சரியில்லன்னு சொல்ல ஒரு வார்த்தை இல்ல. 'வேண்டாம்', 'முடியாது' எதுவுமே இல்ல."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "ஏம்மா, வேலைக்குப் போற பொண்ணுக்கு 'முடியாது'ன்னு எதுக்குச் சொல்லிக் கொடுக்கணும்?"

அம்மாவும் பழக்க தோஷத்தில் கூடவே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் சொன்னது அப்போதுதான் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"முதியோர் இல்லம்னீங்க," என்றாள் பெரியவள். "ஒரு வயசானவரைக்கூட புத்தகத்துல காணோமே?"

"அதெல்லாம் அடுத்த பெட்டில வரும். இது அடிப்படை. எல்லாத்தையும் முதல் நாளே சொல்லிக் கொடுத்தா மண்டைல ஏறுமா?"

"கடைசிப் பாடத்துல ஒரு பொண்ணை மிரட்டற மாதிரி கேக்குதே."

"பதிவு பண்றப்ப தப்பா சொல்லியிருப்பா, திருத்தியிருப்பாங்க. உனக்கு எல்லாமே பூதமாத் தெரியுது." அம்மா பக்கம் திரும்பினார். "பெரியவளுக்கு எப்பவும் இப்படித்தானே? பாவம், பயந்த சுபாவம்."

"பயிற்சி வீடு எங்க இருக்கு மாமா?"

"ஊருக்கு வெளிய. நல்ல அமைதியான இடம்."

"தெரு பேரு?"

மாமா மிச்சமிருந்த டீயை நிதானமாகக் குடித்தார். "நம்ம வண்டி, நம்ம டிரைவர். தெரு பேரு உனக்கு எதுக்கு?"

அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. டீ கோப்பையை ஓசைப்படாமல் தட்டில் வைத்தார், வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார், சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது.

வாலுதான் அக்காவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எதுக்குக்கா மானத்தை வாங்கற? நீ பயந்தாங்கொள்ளின்னா நானும் பயப்படணுமா? சுருட்டை போன வாரமே அந்தப் பயிற்சி வீட்டுக்குப் போயிட்டா. அவளுக்கு என்ன ஆயிடுச்சு?"

சுருட்டை என்பவள் வாலுவின் உயிர்த்தோழி. சுருட்டை முடி, ஓயாத வாய். அவள் ஒருதரம் ஃபோன் செய்தால் காது சூடாகிற வரைக்கும் வைக்க மாட்டாள்.

"போனதுக்கப்புறம் அவகிட்ட பேசினியா?"

"மெசேஜ் போட்டா. 'நல்லா இருக்கேன்'னு."

"அவ்வளவுதானா? சுருட்டை ரெண்டே வார்த்தைல மெசேஜ் போட்டாளா?"

வாலு ஃபோனை எடுத்துச் சத்தத்தைக் குறைத்து இருவருக்கும் கேட்கிறமாதிரி வைத்தாள். வெகுநேரம் மணி அடித்தது.

"சொல்லு."

"ஏ சுருட்ட! நான்தாண்டி. எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன்."

"சாப்டியா?"

"சாப்டேன்."

"என்னடி, ஒத்த வார்த்தையா பேசற? வீடு எப்படி இருக்கு? கூட எத்தனை பேரு? படிப்பெல்லாம் கஷ்டமா?"

"நல்லா இருக்கு."

வாலு அக்காவைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் முதல்முறையாகக் கலக்கம் தெரிந்தது. பெரியவள் ஃபோனுக்கு அருகே குனிந்தாள்.

"சுருட்ட, நான் வாலுவோட அக்கா பேசறேன். அது எந்தப் பக்கம்? எந்த ஏரியா? ஜன்னல்ல பார்த்தா என்ன தெரியுது, அதை மட்டும் சொல்லு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அவசர அவசரமாக, வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல்.

"ஜன்னல் இல்லக்கா."

தூரத்தில் யாரோ ஒரு ஆண் ஏதோ சொன்னது கேட்டது. "சுமிமாசென், சுமிமாசென்" என்று சுருட்டை இரண்டு தடவை சொன்னாள். தொடர்பு அறுந்தது. மறுபடி போட்டால் ஃபோன் அணைந்திருந்தது.

வாலு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூடத்தில் மாமா அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"அவளுக்கு இஷ்டமே இல்லக்கா. நானும் பின்னாடியே வரேன்னு சொன்னேன். அதனாலதான் போனா." வாலு சட்டென்று எழுந்தாள். "நான் போறேன். பெட்டியை வாங்கிக்கிட்டுப் போறேன். அவ அங்க தனியா இருக்கா."

"பைத்தியமாடி உனக்கு? போலீஸுக்குப் போலாம்."

"போய் என்ன சொல்லுவ? எந்த வீடுன்னு கேப்பாங்க. தெரியுமா உனக்கு? அந்த வண்டில போனாத்தான் தெரியும். பெட்டி வேண்டாம்னு சொன்னா மாமா இப்பவே கிளம்பிப் போய் அவளை வேற எங்கேயாவது மாத்திட்டா?"

வாலு பேச்சில் நியாயம் இருந்ததுதான் கொடுமை. பெரியவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்தை அந்த வண்டிக்குள் உட்கார வைத்துவிட்டு, தான் வாசலில் நின்று கை காட்ட வேண்டும். அது நடக்காது. என்ன செய்யவேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது.

"நீ போக வேண்டாம். நான் போறேன்."

"அக்கா…"

"வாயை மூடு, கேளு. என் ஃபோன் எங்க போகுதுன்னு உன் ஃபோன்ல தெரியற மாதிரி வெச்சுடறேன். வண்டி தெரு முனையைத் திரும்பின உடனே அம்மாவைக் கூட்டிக்கிட்டு நேரா போலீஸுக்குப் போ. சுருட்டை வீட்டுக்கும் சொல்லு. அழுதுக்கிட்டு நிக்காதே. புரிஞ்சுதா?"

வாலு தலையை ஆட்டினாள்.

பெரியவள் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "மாமா, பெட்டியை வாங்கிக்கிறோம்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மாமா தொடையில் தட்டினார். "அப்படிச் சொல்லு! எங்க சின்னவ? பையை எடுக்கச் சொல்லு."

"சின்னவ நாளைக்கு வருவா. இன்னிக்கு நான் வந்து இடத்தை ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன். எனக்குத்தான் பயந்த சுபாவமாச்சே. பார்த்துட்டா நிம்மதியாத் தூங்குவேன்."

"அதெல்லாம் வழக்கமில்லம்மா. அதுவும் இல்லாம வண்டில ஒரு ஆளுக்குத்தான் இடம்."

"நான் ஒரு ஆள்தானே மாமா."

மாமா அம்மாவைப் பார்த்தார். எப்போதும் அவர் பார்த்தால் போதும், அம்மா அவர் பக்கம் சாய்ந்துவிடுவாள். இன்றைக்கு அம்மா எழுந்து நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "பெரியவ பார்த்துட்டு வரட்டுமே அண்ணே. வயசுப் பொண்ணு போற இடம். பார்த்தா என்ன தேஞ்சா போயிடும்? இல்லன்னா பெட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

மாமா பெரியவளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. கடைக்கு வருகிறவர்கள் ஃபிரேம்களைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"அதுக்கென்ன, பார்த்துட்டு வரட்டும்," என்றார். மறுப்பார், மல்லுக்கு நிற்பார் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் அந்தப் பயம் இரண்டு மடங்காயிற்று.

வண்டியின் பின் இருக்கையில் ஏறினாள். பெட்டியை மாமாவே தூக்கிவந்து அவள் மடியில் வைத்தார். கதவைச் சாத்தினார், முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அம்மா வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் வாலு ஃபோனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நின்றாள். பெரியவள் சிரித்துக் கை காட்டினாள். அந்தச் சிரிப்புக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

வண்டி தெரு முனையைத் திரும்பியது. வீடு மறைந்தது. பெரியவள் கதவுப் பக்கம் மெதுவாகக் கையைக் கொண்டுபோனாள். திறக்கும் பிடி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன.

மாமா யாருக்கோ ஃபோன் போட்டார். குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஆமா, கிளம்பியாச்சு. ஆள் இருக்கு." கண்ணாடியில் அவளைப் பார்த்தபடியே சொன்னார். "இல்ல, சின்னது நாளைக்கு. இன்னிக்கு மூத்தது."